மஞ்சள் விளக்கின் மேல் பொட்டு

ஆகஸ்ட் 26, திங்கள்

அத்தானுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து பதினேழு நாள் ஆகிறது. இனி திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஜங்ஷன் பக்கம் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, அவரால் இப்போதைக்கு முடியாது. எங்கள் பொருநை ஃபிளாட்ஸில் நாலு வீட்டுக்கு ஆக்டிங் டிரைவராக வருகிற மாசானமுத்துவையே பேசிக்கொண்டோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொள்கிற ஆள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

ஆனால் வந்த முதல் நாளே குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வண்டியைக் கிளப்பியதும், "டீச்சர், இஞ்சின் லைட்டு எரியுது பாத்தீயளா? ஒர்க்‌ஷாப்புல ஒரு எட்டு காட்டிருங்க. ஏதாவது பிளக்கு சரியா அடிக்கலன்னாலும் இப்படித்தான் எரியும்" என்றார். ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு குட்டிப் படம். ஒரு மாதமாக எரிகிறது. "ஓடுற வண்டிக்கு எதுக்கு வைத்தியம்?" என்றேன். முப்பத்தொரு வருஷம் வகுப்பை அடக்கிய குரல். அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார்.

திரும்பி வந்து அவர் போன பிறகும் அந்த விளக்கு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கைப்பையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒன்றை உரித்து அதன் மேல் ஒட்டினேன். மெரூன் நிறம், நடுத்தர அளவு. அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அத்தான் கார் ஷெட் திண்டில் உட்கார்ந்து காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "காருக்குப் பொட்டு வச்சிட்ட. பூவும் வச்சிரு, ஆவுடை" என்றார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வண்டி ஓடியது. பொட்டு அப்படியே இருக்கிறது. பெருங்காயம் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

இன்று மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறிவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு மானம் போயிற்று. "கொஞ்சம் அழுத்தி ஓட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். வண்டி இழுக்க மாட்டேங்கு. கீழ சத்தம் வேற கேக்கு, தகர டப்பாக்குள்ள கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி. பைப்புல ஏதோ உடைஞ்சு கெடக்குன்னு நெனைக்கேன். சும்மா விடக்கூடாது."

டிரைவர்களுக்கும் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் எனக்குத் தெரியாதா? ஸ்டாஃப் ரூமில் கேட்காத கதையா? வீட்டுக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்க், குடை, கோயிலுக்குக் கொண்டுபோன தாம்பாளம் எல்லாம் உருண்டு கிடந்தன. எடுத்து வெளியே வைத்துவிட்டு, "இதுதான் உங்க சத்தம்" என்றேன். அவர் தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி டீச்சர் என்றார்.

செப்டம்பர் 6, வெள்ளி

சத்தம் இல்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை. பெட்ரோல்தான் இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எடுத்து விற்கிறாரோ என்று ஒரு நினைப்பு வந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

காருக்குள் முட்டை வாடை.

மருத்துவமனை வாசலில் அத்தானை ஏற்றிக்கொண்டு கிளம்பி, சிக்னலில் நின்றபோது அடித்தது. நல்ல வெயில். ஜன்னலை இறக்கினால் இன்னும் கூடுதலாக அடித்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு முட்டை வாடை எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். எங்கே, எப்போது என்று நினைவுக்கு வரவில்லையே தவிர, ரொம்ப நாள் பழகிய வாடை.

அத்தானிடம் கேட்டேன். "எனக்கு முட்டிக்குப் போட்ட தைல வாடைதான் அடிக்கி. முட்டிக்குப் போற வண்டியில முட்டையாம்" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. வீட்டுக்கு வந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். என் கொண்டை ஊசி ஒன்று, இரண்டு வில்வ இலை. ஓடு எதுவும் இல்லை. காரைச் சுற்றிச் சாம்பிராணி காட்டினேன். வாட்ச்மேன் ஏதோ பூஜை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 11, புதன்

இன்றும். அதே வாடை.

போகும்போதே கேட்டேன், "மத்தியானம் என்ன சாப்பாடு, மாசானமுத்து?"

"எலுமிச்சங்கா சோறு டீச்சர்."

நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று கேட்டேன். தயிர்ச் சோறு, புளிச் சோறு. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன்தான் இவ்வளவு சுத்தமாக விடை சொல்வான். அவருடைய டப்பா டிரைவர் சீட்டுக் கதவில் இருந்தது. தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது. எலுமிச்சைச் சோறும் தேங்காய்த் துவையலும்தான். முட்டையை முதலில் தின்றிருப்பார்.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று திரும்பி வரும்போது வாடை தாங்க முடியவில்லை. கார் ஷெட்டில் இறங்கியதும் மாசானமுத்துவிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னேன். செக்ரட்டரி சங்கரநயினாரும், இஸ்திரி போடுகிற அம்மாவும், வாட்ச்மேனும் அங்கே இருந்தார்கள். இருந்தது நல்லதுதான், பின்னால் பேச்சு மாறாது.

"நான் திங்கலை டீச்சர்" என்றார். அவ்வளவுதான். மேல் பொத்தானைத் தொட்டார், கழற்றப் போவதுபோல. பிறகு கையை எடுத்துவிட்டார். சாவியைத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு அத்தானைப் பார்த்து, "படி ஏறிருவீயள்லா அய்யா?" என்று கேட்டார். அத்தான் தலையை ஆட்டினார்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டேன்: "அனைவரின் கவனத்திற்கு. ஓட்டுநர் மாசானமுத்து பணி நேரத்தில் வாகனத்திற்குள் முட்டை உண்கிறார். சுத்தம் பேணுவதில்லை. குடியிருப்போர் முடிவெடுத்துக்கொள்ளவும்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

கீழே நான் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

புது டிரைவர். டேஷ்போர்டில் மல்லிகை வாசனைப் புட்டி ஒன்று வைத்திருக்கிறார். வாடை இல்லை. பார்த்தீர்களா என்று அத்தானிடம் கேட்டேன். அவர் குனிந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 18, புதன்

மல்லிகையோடு முட்டை. இரண்டும் சேர்ந்து அடித்தது. சீட்டு உறையில் ஊறியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

செப்டம்பர் 20, வெள்ளி

துவைத்த உறை. புது டிரைவர். இன்றும் அடித்தது. எழுத வேண்டாம்.

செப்டம்பர் 23, திங்கள்

கீரை வாங்க இறங்கியபோது செக்ரட்டரி எதிரே வந்தார். "டீச்சர், நீங்க போட்ட அன்னைக்கே எல்லாரும் நிறுத்தியாச்சு. நாலு வீடும். மூணாம் மாடி டாக்டரம்மா மட்டும் யோசிச்சாவ. டீச்சர் சொன்னா சரியாத்தான இருக்கும்னு நான்தான் சொன்னேன்" என்றார். பெருமையாகச் சொன்னார்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. முடிவெடுத்துக்கொள்ளவும் என்றுதான் எழுதினேன்.

கீரையை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். நிறுத்தச் சொல்லித்தான் எழுதினேன்.

செப்டம்பர் 25, புதன்

மேம்பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. காலுக்கு அடியில் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. அத்தானைப் புது டிரைவரோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் வண்டியோடு நின்றேன். இழுத்துக்கொண்டு போக வந்தவர்கள் தாவீது அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். நல்ல தொழில்காரர் என்றார்கள். வண்டியை மேலே தூக்கி, அடியில் ஒரு குழாயைக் கழற்றிக் கீழே கவிழ்த்தார். கருகிய ஓட்டுச் சில்லுகளாகக் கலகலவென்று கொட்டியது. தகர டப்பாவில் கல் போட்டு ஆட்டின சத்தம்.

"இதுதான் கன்வெர்ட்டர். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு சொல்லுவோம்" என்றார். "இஞ்சின்ல இருந்து வாற பொகையில உள்ள விஷத்தை இதுதான் மாத்தி அனுப்பும். உள்ள தேன்கூடு மாதிரி இருக்கணும், இப்பம் பாருங்க, உருகி உடைஞ்சு அடைச்சுக்கிட்டு. பொகை வெளிய போக வழியில்லன்னா வண்டி எப்படி இழுக்கும்? கீழ கொதிக்கத்தான் செய்யும். பெட்ரோலும் குடிச்சிருக்கும்."

"எதனால?"

"ஒரு பிளக்கு செத்துக் கெடக்கு. எரியாத பெட்ரோலு இதுக்குள்ள வந்து எரிஞ்சிருக்கு. அன்னைக்கே பிளக்கை மாத்தியிருந்தா இது பொழைச்சிருக்கும். இஞ்சின் லைட்டு வந்திருக்குமே?" வண்டியை இறக்கி, சாவியைத் திருகி, டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். "எரியலியே" என்றார். பிறகு விரலால் தடவினார். நகத்தால் உரித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது நெத்தியில வைக்கதுல்லா?" அடியில் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார், "முட்டை நாத்தம் அடிச்சிருக்குமே டீச்சர், கொஞ்ச நாளா?"

அடித்தது என்றேன்.

ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் மணமுடைய நிறமற்ற வாயு. முப்பத்தொரு வருஷம் பலகையில் எழுதிய வரி. ஒரு மதிப்பெண் வினா. லெட் அசிடேட் தாளைக் காட்டினால் கருப்பாகும் என்று பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் காட்டியிருக்கிறேன். என் மூக்குக்குப் பழகிய வாடை எங்கள் பள்ளிக்கூட லேபில் பழகிய வாடை. முட்டையை நான் என் வாழ்நாளில் முகர்ந்ததே இல்லை. பெட்ரோலில் கந்தகம் உண்டு, அதற்கு என்ன ஆகும் என்று என்னைவிட யார் சொல்ல வேண்டும்? காருக்குள் அடித்தபோது மட்டும் எனக்கு வேதியியல் நினைவுக்கு வரவில்லை. ஸ்டீரிங் பிடித்திருந்த ஆள்தான் நினைவுக்கு வந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். தாவீது அண்ணாச்சி இன்னொன்றும் கேட்டார். "ஓட்டுறவருக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும். சொல்லலியா?" என்றார்.

சொல்லவில்லை என்றேன்.

"என்ன டிரைவரு அவன்" என்றார் அவர். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவையும் மாசானமுத்துவின் பெயரைக் கெடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அதுவும் எனக்கு எல்லாம் தெரிந்த பிறகு.

அத்தானிடம் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது சொன்னேன். வாடை, பிளக், பொட்டு எல்லாம். அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "அவன் மாலை போட்டிருக்கான், ஆவுடை."

"என்ன மாலை?"

"குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு. நாப்பத்தெட்டு நாள் விரதம். சட்டைக்குள்ள கெடந்துச்சு. முன் சீட்டுல பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியாதா? குனிஞ்சு என் காலைத் தூக்கி வைக்கும்போது பாத்தேன்."

முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் ஒரு வேளைச் சோறு தின்று, மீன் வாடை வரும் தெருவில்கூட ஒதுங்கி நடப்பார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? "அன்னைக்கே ஏன் சொல்லல அத்தான்?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

"நீ கேக்கலையே. எப்பம் கேட்டிருக்க?" என்றார். தட்டை நகர்த்திவிட்டு, "நானும் வாயத் தொறந்திருக்கணும். படி ஏறிருவீயளான்னு கேட்டான் பாரு. நான் தலையத்தான ஆட்டுனேன்" என்றார். மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

டப்பாவைத் தற்செயலாகப் பார்த்தேன் என்று பதினொன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். தற்செயல் இல்லை. அவர் அத்தானைத் தாங்கி மருத்துவமனை லிஃப்ட் வரை கொண்டுபோன நேரத்தில் மூடியைத் திறந்து, துவையலை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். எழுதவே கை கூசுகிறது.

செப்டம்பர் 28, சனி

மாசானமுத்துவின் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். மூன்றாவது தடவை அவர் எடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

குழுவில் இப்படிப் போட்டேன்: "வாகனத்தில் ஏற்பட்ட வாடைக்கு இயந்திரக் கோளாறே காரணம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. தகவலுக்காக."

செப்டம்பர் 30, திங்கள்

கட்டைவிரல் இரண்டு வந்தது. செக்ரட்டரி ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார். அதோடு அது மேலே போய்விட்டது.

இன்று திரும்ப எடுத்துப் படித்தேன். கண்டறியப்பட்டுள்ளது. செயப்பாட்டு வினை. பிள்ளைகள் சோதனைக் குறிப்பில் இப்படி எழுதினால் பாராட்டுவேன், செய்தவர் முக்கியமில்லை, செயல்தான் முக்கியம் என்று. முதல் செய்தியில் மாசானமுத்து என்ற பெயர் இருந்தது. இரண்டாவதில் இல்லை. என் பெயர் இரண்டிலுமே இல்லை. நாலு வீட்டில் ஒருவரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? அவரைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

அக்டோபர் 1, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. புது கன்வெர்ட்டர், புது பிளக். பொட்டை அண்ணாச்சி ஒரு காகிதத்தில் ஒட்டிப் பில்லோடு கொடுத்தார்.

அக்டோபர் 4, வெள்ளி

வாட்ச்மேனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் மாசானமுத்துவின் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. நேற்று காப்புக் கட்டிவிட்டு, நேர்த்திக்கு வேஷம் போட்டு, தசரா செட் என்கிற வேஷக்காரர் கூட்டத்தோடு காணிக்கை வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். முத்துப்பேச்சி என்று பெயர். "எங்கருந்து வாறீய அம்மா?" என்று கேட்டார்.

"பெருமாள்புரம். வண்டிக்கு ஆள் வேணும்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நல்ல நேரத்துல வந்தீய. அங்க ஒரு டீச்சர், இவுக முட்டை தின்னு வண்டிய நாறடிச்சிட்டாவன்னு சொல்லி எல்லா வீட்டுலயும் நிறுத்திப்புட்டாவ. மாலை போட்ட மனுசனப் பாத்து."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு வந்து ரெண்டு மட்டம் குளிச்சாவ அம்மா. சட்டையக் கழத்தி எங்கிட்டக் குடுத்து, என் மேல வாடை அடிக்குதாட்டி, உள்ளதச் சொல்லுட்டின்னாவ. நான் இல்லன்னேன். நம்பல. அதுக்குப் பெறவு வெளிய கெளம்பும்போதெல்லாம் கக்கத்துல எலுமிச்சம்பழத்தத் தேச்சுட்டுத்தான் போறாவ. இருவது வருசமா கூட இருக்கேன், அப்படி ஒருநாளும் செஞ்சதில்ல."

"திங்கக்கெழம உங்க பெருமாள்புரத்துக்குத்தான் செட்டு வருது. நேர்லயே பேசிக்கிடுங்க. யாரு வந்தான்னு சொல்லணும்?" என்று கேட்டார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. தாவீது அண்ணாச்சியிடம் ஒரு பொய், இங்கே ஒன்று. அறுபத்திரண்டு வயதில் நான் இவ்வளவு கோழை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலை எட்டரை மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. கீழே போனேன்.

செட்டில் பத்துப் பேர். ஒரு போலீஸ், ஒரு ராஜா, ஒரு குரங்கு. மாசானமுத்து கிழவி வேஷம் போட்டிருந்தார். சணல் நரைமுடி, வெள்ளைப் புள்ளி போட்ட சேலை, கையில் கம்பு, நெற்றியில் ரூபாய் அளவுக்குப் பொட்டு. கண்ணைப் பார்த்துத்தான் ஆள் தெரிந்தது. செக்ரட்டரி தட்டில் காணிக்கை போட்டு, "அம்மா, தாயே" என்று கும்பிட்டார். வேஷம் போட்டவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. பதினைந்து வீட்டுக்காரர்களாவது நின்றிருப்பார்கள். இஸ்திரி போடுகிற அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார்.

"மாசானமுத்து" என்று கூப்பிட்டேன்.

"டீச்சர், அம்மா வேஷத்துல இருக்கும்போது பேரச் சொல்லக் கூடாது" என்றார் செக்ரட்டரி.

"எனக்கு அம்மாகிட்டப் பேச்சு இல்ல. மாசானமுத்துகிட்டத்தான் பேசணும்" என்றேன். மேளக்காரர் நிறுத்திவிட்டார். எதிரெதிரே இரண்டு கிழவிகள் நின்றோம்.

பதின்மூன்றாம் தேதி எழுத வேண்டியதில்லை என்று விட்ட வாக்கியத்தை அங்கே நின்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன். "உங்க ஆளுக குளிச்சாலும் வாடை போகாது" என்று சொன்னேன். அதோடு, அதுவரை நீங்க என்று கூப்பிட்ட ஆளை அன்றைக்கு நீ என்று சொன்னேன்.

"இதே இடத்துல நின்னு சொன்னேன். வாடை என் வண்டியில இருந்து வந்தது. நீங்க மொத நாளே வண்டியக் காட்டச் சொன்னீங்க. பாலத்துலயும் சொன்னீங்க. நான் லைட்டு மேல பொட்ட ஒட்டி, கெடுத்து, பழிய உங்க மேல போட்டேன். உங்க சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பாத்தேன். அதுல முட்டை இல்ல. அப்புறமும் சொன்னேன்."

அவர் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா என்றதும் நிமிர்ந்தார்.

"டப்பாவத் தொறந்தீயளா?"

"ஆமா."

"கைய வச்சீயளா?"

"ஆமா."

"அது விரதச் சோறு டீச்சர்" என்றார். சத்தமே இல்லை. "எம் பொஞ்சாதியே குளிச்சிட்டுத்தான் தொடுவா. தெரியாம அதத்தான தின்னுட்டேன்."

முட்டை பட்டுவிட்டது என்று சாம்பிராணி போட்டவள் நான். அவருடைய ஒரு வேளைச் சோற்றில் விரலை விட்டவளும் நான். செக்ரட்டரி எங்கேயோ பார்த்தார். மூணாம் மாடி டாக்டரம்மா மட்டும் முன்னால் வந்து, "மாசானமுத்து, தசரா முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துருங்க" என்றார்.

போகும்போது தட்டிலிருந்து குங்குமம் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். என் கையிலும் போட்டார். அது வேஷம் போட்டவர் எல்லாருக்கும் கொடுப்பது. மாசானமுத்து கொடுத்ததில்லை, எனக்குத் தெரியும். நாலடி போய்த் திரும்பி, "அய்யாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அது மாசானமுத்து கேட்டது. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறார் என்றேன்.

மத்தியானம் குழுவில் மூன்றாவது செய்தி போட்டேன். அவர் பெயர், என் பெயர், நான் சொன்னது, நான் செய்தது. செய்வினையில். பிறகு தாவீது அண்ணாச்சிக்குப் போன் செய்து, டிரைவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றேன். "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

நாலு வீட்டிலும் மாசானமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் டாக்டரம்மாவின் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றிவிட்டார் போல. மேல் பொத்தான் திறந்திருந்தது.

பக்கத்தில் போய்க் கேட்டேன், எங்கள் வண்டிக்கும் வருவீர்களா என்று. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேற ஆளு பாருங்க டீச்சர். கோவம்லாம் ஒண்ணுமில்ல. நீங்க அவ்வளவு பேரு முன்னால சொன்னதே பெரிசு. ஆனா உங்க வண்டிக்குள்ள உக்காந்தா, என்னையவே மோந்து பாத்துக்கிட்டு இருப்பேன்."

சரி என்றேன்.

பத்து மணிக்குப் புது டிரைவர் வந்து சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது, இஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. மேம்பாலத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. உள்ளே ஒரு வாடையும் இல்லை, ஆனாலும் நான் முகர்ந்துகொண்டே இருந்தேன். அத்தான் ஏசியைப் போடச் சொன்னார். நான் ஜன்னலை மூடவில்லை.